தோட்டத்துக் களிமண்ணில் கடல் ஓடு: எது வெப்பத்தைச் சொல்லும், எது கரையைச் சொல்லும்?

பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஐயா, எங்கள் தோட்டத்தில் புதுக் கால்வாய் வெட்டியபோது ஆள் உயரத்துக்குக் கீழே நீலச் சாம்பல் நிறக் களிமண் வந்தது. அதற்குள் கெராங் ஓடுகளும் சின்னச் சின்னச் சிப்பிகளும் கிடந்தன. கடல் இங்கிருந்து வெகு தூரம். ஆறாம் படிவம் படிக்கும் என் தங்கையிடம் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத கடல் ஓடுகளை வைத்துப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கண்டுபிடிக்கிறார்களாம். ஓடு எப்படி வெப்பத்தைச் சொல்லும்? எங்கள் மண்ணிலும் அப்படிப் பார்க்கலாமா?"

தம்பி, தங்கை சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வேலைக்கு உதவும் ஓடு வேறு, உங்கள் கால்வாயில் கிடக்கும் ஓடு வேறு. முன்னது ஆழ்கடலின் அடிச்சேற்றில் கிடைப்பது. பழைய கடலின் வெப்பத்தையும், உலகத்தில் எவ்வளவு நீர் பனியாக உறைந்து கிடந்தது என்பதையும் அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். உங்கள் களிமண்ணில் இருப்பது வெப்பத்தைப் பற்றி நம்பும்படியாக எதையும் சொல்லாது. கடற்கரை எங்கே இருந்தது, தண்ணீர் எவ்வளவு உப்பாக இருந்தது என்பதை நன்றாகச் சொல்லும். முதலில் ஆழ்கடல் ஓட்டைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வருகிறேன்.

இந்த ஆராய்ச்சியில் அதிகம் பயன்படுபவை ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள். அந்த ஒரு செல், கடல்நீரில் கரைந்திருக்கும் பொருள்களை எடுத்துச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கிறது. வளர வளரப் பழைய அறையை விட்டு வெளியேறாமல், அதோடு சற்றுப் பெரிய புதிய அறை ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தொடாதவை. வெறும் கண்ணுக்கு வெள்ளை மணல் போலத்தான் இருக்கும். நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டைகள், அவற்றின் மேலெல்லாம் ஊசிமுனைத் துளைகள், ஒரு பக்கம் வளைந்த வாய். அந்த வாய் வழியாகத்தான் உயிரோடு இருந்தபோது நூல் போன்ற இழைகளை நீட்டி இரை பிடித்தது.

இவற்றில் இரண்டு கூட்டம் உண்டு. கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்பவை ஒன்று. இன்று உயிரோடு இருக்கும் மிதக்கும் இனங்கள் ஏறத்தாழ 50தான். கடலடியில் சேற்றின் மேலும் உள்ளும் வாழ்பவை இன்னொன்று. அவற்றில் ஆயிரக்கணக்கான இனங்கள். மிதப்பவை செத்ததும் ஓடு கீழே இறங்கிவிடும். ஆகவே ஆழ்கடலில் ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்தால், மேல்நீரில் வாழ்ந்ததும் பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வாழ்ந்ததும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். இது பெரிய வசதி. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

எந்த இனம் இருக்கிறது என்பதே முதல் தடயம். நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்ற இடப்பக்கம் சுருளும் இனம் துருவக் கடல்களின் குளிர்நீரை விரும்புவது. இன்று மிதமான கடலாக இருக்கும் இடத்தின் அடிச்சேற்றில் அது குவிந்து கிடந்தால், அந்தச் சேறு படிந்த காலத்தில் குளிர்நீர் அதுவரை இறங்கி வந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று நம் பக்கத்துக் கடலைப் பற்றியது. குளோபிஜெரினாய்ட்ஸ் ரூபர் என்ற வெப்பக்கடல் இனத்தில் வெள்ளை ஓடும் உண்டு, இளஞ்சிவப்பு ஓடும் உண்டு. இளஞ்சிவப்பு வகை அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போய்விட்டது. அந்தமான் கடலின் அடிச்சேற்றை மேலிருந்து கீழாகத் தட்டில் பரப்பிப் பார்த்துக்கொண்டே போகும்போது, ஓரிடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு மணி தட்டுப்பட்டால் உடனே ஆழத்தைக் குறித்துக்கொள்வோம். எந்தக் கருவியும் வேண்டாம். அந்த நிறமே காலத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் இனங்களை எண்ணிச் சொல்வது மதிப்பீடு. டிகிரிக் கணக்குக்கு ஓட்டின் வேதியியலுக்குள் போக வேண்டும்.

சுண்ணாம்பில் கால்சியம், கார்பன், ஆக்ஸிஜன் மூன்றும் உண்டு. ஆக்ஸிஜன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை 16 எடையுள்ளவை. ஏறக்குறைய 500இல் ஒன்று 18 எடையுள்ளது. ஓடு உருவாகும்போது இந்த இரண்டும் எந்த விகிதத்தில் உள்ளே போகின்றன என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் குளிரக் குளிர, கனமான 18 சற்றுக் கூடுதலாக ஓட்டில் சேரும். இதை வைத்துப் பழைய வெப்பத்தை அளக்கலாம் என்று 1947இல் எடுத்துச் சொன்னவர் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹரால்ட் யூரி. சிக்காகோவில் அவரைச் சுற்றி இருந்த குழுவில் சாமுவேல் எப்ஸ்டீன் போன்றவர்கள், வெப்பம் தெரிந்த நீரில் வளர்ந்த சிப்பிகளை அளந்து 1950களின் தொடக்கத்தில் அதற்கான சமன்பாட்டைத் தந்தார்கள். மாற்றம் மிகச் சிறியது: வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் விகிதம் ஆயிரத்தில் 0.2 சொச்சம் அளவே கூடும். இதைப் பிடிக்க நிறை நிறமாலை அளவி என்ற கருவி வேண்டும். ஓட்டை அமிலத்தில் கரைத்து, வரும் கரியமில வாயுவை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது.

இந்த முறையைக் கடலடிச் சேற்றுக்குக் கொண்டுபோனவர் சேசரே எமிலியானி என்ற இத்தாலியர். கப்பலிலிருந்து நீண்ட குழாயைக் கடலடியில் குத்தி இறக்கி, சேற்றைத் தூண் போல அப்படியே மேலே எடுப்பார்கள். மேலே புதிய சேறு, கீழே போகப் போகப் பழைய சேறு. கரீபியன், அட்லாண்டிக் கடல்களின் தூண்களிலிருந்து மிதக்கும் இனங்களைப் பொறுக்கி அளந்து, 1955இல் எமிலியானி ஒரு வளைகோட்டை வெளியிட்டார். அதில் ஏற்ற இறக்கம் மாறி மாறி வந்தது. ஆல்ப்ஸ் மலையின் சான்றுகளைக் கொண்டு பனியுகங்கள் நான்குதான் என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. கடலடியோ அதைவிட அதிகம் என்றது. எமிலியானி அந்த மேடு பள்ளங்களுக்கு எண் கொடுத்தார். வெப்பமான காலத்துக்கு ஒற்றைப்படை, குளிர்காலத்துக்கு இரட்டைப்படை. இன்றுவரை உலகம் முழுவதும் அந்த எண்கள்தான் புழங்குகின்றன.

எண்கள் நிலைத்தன, ஆனால் அவர் சொன்ன வெப்பம் நிலைக்கவில்லை. வெப்பமண்டலக் கடலே பனியுகத்தில் ஆறு டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது என்றார் அவர். சிக்கல் இங்கேதான். ஓட்டில் 18 கூடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நீர் குளிர்ந்திருக்கலாம். மற்றொன்று, கடல்நீரிலேயே 18 கூடியிருக்கலாம். கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த 16 முந்திக்கொண்டு போகிறது. அந்த ஆவி துருவப் பக்கம் போய்ப் பனியாக விழுந்து, உருகாமல் கிலோமீட்டர்க் கணக்கில் குவிந்தால், கூடுதலாகப் போன 16 பனிக்குள் முடங்கிவிடும். கடலில் 18 மிஞ்சும். உங்களுக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னால், வெட்டுக்காரர் ஒருவருடைய சம்பளச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் தெரிகிறது. கூடுதலாகக் குலை வெட்டினாரா, டன் விலை ஏறியதா என்று அந்தத் தொகையிலிருந்து சொல்ல முடியாது. எமிலியானியும் பனிக்கு ஒரு பங்கு கொடுத்தார். ஆனால் மிகக் குறைவாகக் கொடுத்து, மீதியை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிட்டார்.

இதை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் ஷாக்கிள்டன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் அவருடைய 1967ஆம் ஆண்டு வாதம். எந்த ஓட்டை அளப்பது என்று தேர்ந்தெடுத்ததில்தான் அதன் அழகு. அவர் மிதக்கும் இனத்தை மட்டும் பார்க்காமல் கடலடியில் வாழும் இனத்தையும் அளந்தார். ஆழ்கடலின் அடிநீர் இன்றைக்கே உறைநிலைக்குச் சில டிகிரிதான் மேலே இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் எவ்வளவு குளிர முடியும்? கொஞ்சம்தான், அதற்குமேல் உறைந்துவிடும். ஆனால் அடிவாசிகளின் ஓட்டிலும் மேல்வாசிகளின் ஓட்டில் கண்ட அதே அளவு ஏற்ற இறக்கம் இருந்தது. ஆகவே அந்த மாற்றத்தின் பெரும்பகுதி வெப்பத்தால் வந்திருக்க முடியாது. கடல்நீரே மாறியிருக்கிறது, அதாவது பனி கூடியிருக்கிறது. வெப்பமானி என்று எல்லோரும் நினைத்தது பெரும்பாலும் பனியளவையாக மாறியது. ஒரு வகையில் இது இன்னும் நல்லது. பனி எவ்வளவு என்று தெரிந்தால் கடல்மட்டம் எவ்வளவு இறங்கியது என்றும் தெரியும். கடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலப்பதால், உலகத்தில் எந்தக் கடலில் தூண் எடுத்தாலும் அதே மேடு பள்ளம் வரும். ஒன்றை மற்றொன்றோடு வரிசைப்படுத்தலாம்.

பின்னர் 1973இல் ஷாக்கிள்டனும் நீல் ஒப்டைக்கும் மேற்குப் பசிபிக்கில், பூமத்திய ரேகைக்கு அருகே எடுத்த ஒரு தூணில் ஓட்டுக் கணக்கையும், சேற்றில் பதிந்திருந்த அந்தந்தக் காலத்துக் காந்தத் திசையையும் சேர்த்து அளந்தார்கள். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் கடைசியாக இடம் மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்தத் தூணில் அந்த இடம் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் தெரிந்தது. அதனால் முழு வளைகோட்டுக்கும் ஒரு காலக்கணக்கு கிடைத்தது. அடுத்து 1976இல் ஹேஸ், இம்பிரி, ஷாக்கிள்டன் மூவரும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்த இரண்டு தூண்களை வைத்து, பனியுகத் தாளத்தில் ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுச் சுற்றுகள் இருப்பதைக் காட்டினார்கள். பூமியின் பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதால் வெயில் விழும் விதம் மாறுகிறது, அதனால் பனியுகம் வந்து போகிறது என்று செர்பியக் கணித அறிஞர் மிலன்கோவிச் முன்பே கணக்குப் போட்டிருந்தார். மணல் மணியளவு ஓடுகள் அதற்குச் சாட்சி சொல்லின.

அப்படியானால் வெப்பத்துக்கு என்ன செய்வது என்று தங்கை கேட்பாள். அதே ஓட்டில் இன்னொரு பொருளை அளக்க வேண்டும். ஓடு கட்டும்போது கால்சியத்துக்குப் பதிலாகச் சிறிதளவு மெக்னீசியமும் உள்ளே நுழைந்துவிடும். நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு கூடுதலாக நுழையும். மிதக்கும் இனங்களில் டிகிரிக்குச் சுமார் 9 விழுக்காடு. இதற்கும் பனிக்கும் சம்பந்தமில்லை. மெக்னீசியத்திலிருந்து வெப்பத்தை எடுத்து, ஆக்ஸிஜன் கணக்கிலிருந்து அதைக் கழித்தால், நீர் எப்படி மாறியது என்பது மிஞ்சும். இந்த வழியில் பார்த்தபோது, பனியுகத்தின் உச்சத்தில் பூமத்திய ரேகைப் பசிபிக்கின் மேல்நீர் இன்றைவிடச் சுமார் 3 டிகிரி குளிர்ந்திருந்தது என்று தெரிந்தது. எமிலியானி சொன்னதில் பாதி. ஆனால் அவருக்குப் பிறகு வந்த சிலர் சொன்னதுபோல ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை என்பதும் சரியில்லை.

இந்தக் கழித்தலால் நம் பக்கத்துக்கு ஒரு நல்ல பலன் கிடைத்தது. அந்தமான் கடலில் ஐராவதியும் சால்வீனும் பருவமழை நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மழைநீரில் 18 குறைவு. எனவே வெப்பத்தையும் உலகப் பனிக் கணக்கையும் கழித்த பிறகு அந்தமான் ஓடுகளில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆற்றுநீரின் அளவு, அதாவது பருவமழையின் வலிமை. பனியுகத்தில் அந்தக் கடலின் மேல்நீர் இன்றைவிட உப்பாக இருந்தது; மழை குறைந்திருந்தது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சேற்றை நீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையில் அலசுவார்கள். களி எல்லாம் போய் மணிகள் தங்கும். உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, மிக மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தில் ஓடு தூரிகையோடு ஒட்டிக்கொண்டு வரும். மூச்சை வேகமாக விட்டால் தட்டே பறந்துவிடும். ஒரே இனம், ஏறத்தாழ ஒரே அளவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனென்றால் சின்ன ஓடும் பெரிய ஓடும் வாழ்ந்த ஆழம் வேறாக இருக்கலாம். பிறகு அறைகளை உடைத்து உள்ளே ஒட்டியிருக்கும் களியைக் கழுவ வேண்டும். களியில் மெக்னீசியம் ஏராளம். ஒரு துளி மிஞ்சினாலும் கடல் கொதித்தது போல எண் வரும். இத்தனை செய்து கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் வலியெல்லாம் பொறுக்குகிறவருக்கு, பெயரெல்லாம் கருவி வைத்திருப்பவருக்கு என்று நாங்கள் முணுமுணுப்பது வழக்கம்.

சேறே சில நேரம் ஏமாற்றும். ஆழ்கடலில் பல இடங்களில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படிகிறது. அடியில் வாழும் புழுக்கள் மேல் 10 சென்டிமீட்டரைக் கிளறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிட்டிகை என்பது ஓர் ஆண்டின் பதிவு அல்ல, பல நூற்றாண்டுகளின், சில இடங்களில் சில ஆயிரம் ஆண்டுகளின் கலவை. இன்னும் ஆழமான இடங்களில், பசிபிக்கில் நான்கு, நான்கரை ஆயிரம் மீட்டருக்குக் கீழே, நீரே சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அங்கே ஓடே கிடைக்காது. பல லட்சம் ஆண்டுக்கு முந்தைய கடல்வெப்பத்தைத் தசமப் புள்ளியோடு யாராவது சொன்னால், பிழையளவு எவ்வளவு என்று தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அதைவிட ஆழம் குறைந்தது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். பேராக்கிலிருந்து சுமத்ராவுக்குக் கால் நனையாமல் போக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஆறுகளும் சதுப்புகளும் இருந்தன. ஆனால் கடல் இல்லை. பிறகு பனி உருகியது. தென்சீனக் கடலின் அடியில், முன்பு நிலமாக இருந்த பகுதியில் எடுத்த தூண்களை ஹானெபூத் என்ற ஜெர்மானியரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வெறும் 300 ஆண்டுகளில் கடல் 16 மீட்டர் ஏறியது என்பது அவர்கள் கண்டது. ஐந்து மாடி உயரம். சதுப்புநிலத்து மரத்துண்டுகளின் வயதை அளந்துதான் இதைக் கண்டார்கள்.

நீரிணையில் நடந்ததை 1979இல் கெய் என்பவரும் இரண்டு சகாக்களும் சதுப்புக் கரிமண்ணின் வயதை அளந்து எழுதினார்கள். கடல் இன்றைய மட்டத்தில் வந்து நிற்கவில்லை. அதைத் தாண்டிச் சில மீட்டர் மேலே ஏறி, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தைத் தொட்டு, பின்னர் இறங்கியது. உருகிய நீரின் பாரம் கடலடியை அழுத்த, துருவப் பக்கத்துக் கடல்களின் அடி தாழ, நீர் அங்கே நகர்ந்ததால் நம் கரையில் மட்டம் குறைந்தது. அதோடு பெர்ணாம் ஆறும் பேராக் ஆறும் சேற்றைக் கொட்டிக் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போயின. உங்கள் கால்வாயில் தெரியும் நீலக் களிமண் அநேகமாக அந்தக் காலத்துக் கடலடி. மேற்குக் கரைச் சமவெளியில் இந்தக் கடற்களிமண்ணுக்குக் குலா படிவு என்று பெயர். குவாலா குலாவை ஒட்டி வந்த பெயர். நம் நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டி. சுந்தரலிங்கம் 1980களில் இந்தச் சமவெளியின் படிவுகளை வகைப்படுத்தியவர்.

கெராங் ஓடு கிடைத்தது என்கிறீர்கள். இரண்டு ஓடும் சேர்ந்து மூடியபடி கிடந்தால், அந்த உயிரினம் அங்கேயே வாழ்ந்து செத்தது. ஒற்றை ஓடுகளாக, சாம்பலோடும் கரியோடும் குவியலாக இருந்தால் அது மனிதன் தின்று போட்டது. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் அப்படிப்பட்ட பெரிய ஓட்டுமேடுகள் இருந்தன; 1860லேயே ஏர்ல் என்ற ஆங்கிலேயர் தோண்டிப் பார்த்திருக்கிறார். 2017இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்த மேடுகளும் இன்றைய கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கின்றன. உங்களுடையது அப்படி ஏதாவதாக இருந்தால் மேற்கொண்டு தோண்டாமல் தேசியப் பாரம்பரியத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நுண் ஓடுகளைப் பார்க்க வேண்டுமானால் முஷ்டியளவு களிமண் போதும். அலசினால் அம்மோனியா, எல்ஃபீடியம் என்ற இரண்டு பேரினங்கள் தட்டுப்பட வாய்ப்பு அதிகம். ஆறு கடலோடு கலக்கும் கலங்கல் நீரைத் தாங்குபவை. நத்தை போலச் சுருண்டு, கண்ணாடி போல மின்னும். மூன்று முள் நீட்டிய அழகான ஓடு ஒன்று கிடைத்தால் அது ஆஸ்டெரோரோட்டாலியா. தென்கிழக்காசியாவின் ஆழமில்லாத கடலில் வாழ்வது. அது நிறைய இருந்தால் உங்கள் தோட்டம் ஆற்றுமுகத்தையும் தாண்டித் திறந்த கடலாகவே இருந்திருக்கிறது. பழுப்பு நிறத்தில், மணல் துகளை ஒட்டிக் கட்டிய கரடுமுரடான ஓடுகள் வந்தால் அவை டிரோக்காமினா, மிலியாமினா வகைகள். சுண்ணாம்பே இல்லாதவை, கண்டல் காட்டின் வேரடிச் சேற்றில் வாழ்பவை. அலை ஏறி இறங்கும் எல்லையில்தான் கண்டல் வளரும் என்பதால் இவை கிடைக்கும் ஆழம் அன்றைய கடல்மட்டத்தைச் சொல்லிவிடும். கீழிருந்து மேலாகக் கண்டல் ஓடு, திறந்த கடல் ஓடு, மறுபடி கண்டல் ஓடு என்று வரிசை வந்தால், கடல் வந்து போன கதை முழுவதும் உங்கள் கால்வாய்ச் சுவரிலேயே இருக்கிறது.

இவற்றை வைத்து ஏன் வெப்பத்தை அளக்கக்கூடாது? ஆற்றுமுகத்தில் மழைக்காலத்துக்கு ஒரு நீர், வறட்சிக்கு ஒரு நீர். அலை ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. ஆக்ஸிஜன் விகிதம் ஆற்றுநீர் எவ்வளவு கலந்தது என்பதைத்தான் காட்டும். நம் கடலின் வெப்பமோ இந்த ஐயாயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. அந்தச் சின்ன மாற்றம் இந்தக் கலவையில் அமுங்கிப்போகும்.

இன்னொரு தொல்லை உங்களுக்கே நன்றாகத் தெரிந்தது. இந்த நீலக் களிமண்ணை வெட்டியதும் அழுகிய முட்டை வாடை வந்திருக்கும். அதில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. கண்டல் சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் கந்தகத்திலிருந்து உண்டாக்கியது. நீருக்கடியில் இருக்கும்வரை சாது. கால்வாய் வெட்டி, நீர்மட்டம் இறங்கி, காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். செம்பனை சோர்ந்து போவதும், கால்வாய் நீர் துருநிறமாக ஓடுவதும், மண்ணில் வைக்கோல் மஞ்சளில் புள்ளிகள் தோன்றுவதும் அதனால்தான். அதே அமிலம் சுண்ணாம்பு ஓட்டையும் தின்றுவிடும். கரையில் அள்ளிப் போட்டு மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் நுண் ஓடே இல்லை என்றால், கடல் அங்கே வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மஞ்சள் புள்ளி உள்ள மட்டத்தை விட்டு, அதற்குக் கீழே எப்போதும் நனைந்தே இருக்கும் நீல மண்ணிலிருந்து, வெட்டிய அன்றே எடுங்கள்.

எடுக்கும் முன் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கால்வாய்க்குள் இறங்க வேண்டாம். களிமண் சுவர் சொல்லாமல் சரியும். மண்வாரி இயந்திரத்தின் வாளியில் வரும் கட்டியிலிருந்தே எடுக்கலாம், நிலத்தின் மேல்மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று பையின் மேல் எழுதிவிட்டால் போதும். அரை மீட்டருக்கு ஒரு பை. பாதியை உலர்த்தாமல் ஈரமாகவே மூடி வையுங்கள். கண்டல் இனங்களின் ஓடு காய்ந்தால் சுருங்கி நொறுங்கும். மரத்துண்டோ இலையோ கிடைத்தால் தனியாகப் பொதிந்து வையுங்கள், வயது அளப்பதற்குச் சிப்பியைவிட அது நல்லது. சிப்பி பழைய கடல்நீரின் கார்பனை வாங்கிக்கொள்வதால் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும், அதைத் திருத்த வேண்டிவரும்.

தங்கைக்கு இதில் உண்மையிலேயே நாட்டம் இருந்தால், மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிப்பு இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் பாறையின் வயதை அறிய இதே ஓடுகளையும் நம்புகின்றன என்பதால் படித்துவிட்டு வேலைக்கு அலைய வேண்டுமே என்ற பயம் பெற்றோருக்கு வேண்டாம். அதுவரை பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கி போதும். 63 மைக்ரான் சல்லடை கிடைக்காவிட்டால், கெராங் ஓடும் வேரும் தங்குவதற்கு மேலே ஒரு தேநீர் வடிகட்டி, கீழே நெருக்கமாக நெய்த நைலான் துணி. களிமண்ணை ஓர் இரவு ஊறவைத்து, கையால் பிசையாமல், நீர் தெளிவாக ஓடும்வரை அலசச் சொல்லுங்கள்.